ஐவரில் ஒருவர்

2024 மார்ச் 4, திங்கட்கிழமை, காலை மணி 9.10, கடும் வெயில். சீனி முகம்மது அன்றும் தம் இருக்கையில் இல்லை.

பாயான் பாருவில் உள்ள அந்தத் தொழிற்சாலையை வாங்கிய புதிய நிறுவனம், கொள்முதல் பிரிவின் ஐவரில் ஒருவரை நீக்கத் தீர்மானித்திருந்தது. அந்த ஒருவர் யார் என்பதை மாலைக்குள் முடிவுசெய்ய நூருல் ஹுதா என்னும் இளம் அதிகாரி வந்திருந்தார்.

"சீனி முகம்மது எப்படி அக்கா?"

மூத்த எழுத்தர் துளசி சிறிதும் தயங்கவில்லை. "சுத்தச் சோம்பேறி மேடம். மீட்டிங்குக்கு வந்ததே இல்ல. கேன்டீன்ல யாருக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல."

"எல்லாப் பேப்பர்லயும் அவர் கையெழுத்து இருக்கே?"

"அது ஒண்ணுதான் லா செய்வாரு. அது இல்லாம இங்க எதுவும் நகராது." சொல்லிக்கொண்டே, மேசைமீதிருந்த பிஸ்கட் டின்னைத் துளசி தம் பக்கம் நகர்த்தினார்.

"அது இங்கயே இருக்கட்டும்க்கா. நான் இன்னும் பசியாறல."

துளசி வெளியே வந்தபோது, அதே பிரிவின் கிடங்குப் பொறுப்பாளர் பஷீர் காத்திருந்தார். "பாவம்க்கா. அவர் ரிட்டயராகி ஆறு வருசமாச்சு. புக்கிட் மெர்தாஜாம்ல ஆடு வளக்கிறாரு. அவரப் போயி சோம்பேறிங்கிறீங்க."

"நம்ம நாலு பேருக்கும் வேல வேணுமா, வேணாமா?"

சீனி முகம்மதுவுக்குப் பின் அப்பொறுப்புக்கு எவரும் நியமிக்கப்படவில்லை. அவர் விட்டுச்சென்ற கையெழுத்து முத்திரையே அப்பணியைத் தொடர்ந்தது. கையெழுத்துகளைக் கொண்டு ஆள்களை எண்ணிய புதிய நிறுவனம், அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டது.

"அந்த முத்திரச் சாப்பு எங்கக்கா?"

"டின்னுக்குள்ள."

"டின்னு?"

"மேடத்துக்கிட்ட." துளசி குரலைத் தாழ்த்தினார். "பிஸ்கட்டுக்கு அடியிலதான் இருக்கு. ரெண்டு மூணு சாப்ட்டா தெரியாது லா."

பஷீர் கண்ணாடிக் கதவின் வழியே எட்டிப் பார்த்தார். "நாலாவது எடுக்கிறாங்கக்கா."

மாலை மணி 4.50க்குக் கதவு திறந்தது. நூருல் ஹுதா கடிதத்தை இரு கைகளாலும் நீட்டினார். தம் பெயர்தான் இருக்கும் என்று எண்ணியபடியே துளசி அதைப் பார்த்தார்.

நீக்கப்படுபவர்: சீனி முகம்மது.

மூச்சை விட்டவர், அடுத்த வரியைக் கண்டதும் மறுபடி நிறுத்திக்கொண்டார். ஒப்புதல் அளித்தவர்: சீனி முகம்மது.

"பாத்துப் புடிங்கக்கா," என்றார் நூருல் ஹுதா. "மை இன்னும் காயல."