பெரிசோ, சின்னனோ

இரண்டு எஞ்சின்களும் கராஜின் சிமெந்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றைத்தான் சந்திரமதி வைத்துக்கொள்ளலாம்.

மற்றதை ஏற்றிக்கொண்டு போக ஃப்ரிபூர்க்கிலிருந்து ஆள் வரும் என்று சுவிஸ் முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஆள் வருமுன் முடிவெடுக்க வேண்டும்.

அவள் நீல ஓவரோலின் கையை மடித்துவிட்டு, தன் காரைப் பார்த்தாள். ஷ்லீரனில் ஒருவரும் சீண்டாமல் துருப்பிடித்துக் கிடந்த, முப்பதுகளில் செய்த ஃபோர்ட் கூடு. ஹொட் றொட் என்கிற முழங்கிப் பறக்கும் கார் ஆக்கவென்று கூரையை அறுத்துத் தாழ்வாக்கி, பொனட்டைக் கழற்றி எறிந்து, தக்காளிச் சிவப்பு அடித்திருந்தாள். வயிறுதான் இன்னும் வெறுமை.

இரண்டில் பெரிய எஞ்சின், பிக் புளொக், எருமைக் கடா மாதிரி. முடுக்கினால் தெருவே அதிரும். சின்னன், ஸ்மோல் புளொக்; அதில் பாரமும் குறைவு, முழக்கமும் குறைவு.

"சின்னன் உங்களுக்குக் காணும்" என்று முதலாளி போகுமுன் ஜெர்மனில் சொல்லியிருந்தார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிசு என்னத்துக்கு?" என்று அண்ணன் இரவீந்திரன் தமிழில் சொல்லியிருந்தான்.

குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவள். பௌதிகம். இங்கே அந்தப் பட்டத்துக்குக் கார் கழுவத்தான் விட்டார்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைத் திறந்து "மெதுவாய், மெதுவாய்" என்று சொல்லும் ஊர். இந்த ஊருக்குள்ளால் ஒரு நாளாவது முழங்கிக்கொண்டு போகவேண்டும்.

ஆகவே பெரிசுதான். முடிந்தது கதை.

மேல்மாடியில் தில்லைநாயகிச் சித்தி பற்றிஸ் பொரிக்கிற மணம் வந்தது. ஆட்கள் வருகினம், கெதியாய் மேலே வந்து சேலையைக் கட்டு என்று சித்தி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். சந்திரமதி கேட்காத மாதிரி, கப்பிச் சங்கிலியின் கொக்கியைப் பிக் புளொக்கில் மாட்டினாள்.

வாசலில் நிழல் விழுந்தது. கோட் சூட் போட்ட ஒருவன். தமிழன். கையில் கேக் பெட்டி.

"ஃப்ரிபூர்க்கோ?"

"ஓம். நான் வந்து..."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. எதைத் தாறதெண்டு இப்பதான் பாக்கிறன்."

"அண்ணை எண்டு மட்டும் கூப்பிடாதேங்கோ" என்றான் அவன் அவசரமாக.

வயசைப் பற்றி இவ்வளவு கவலையோ! எஞ்சின் ஏற்ற வந்தவனுக்குச் சூட் ஏன், கேக் ஏன்? பிரெஞ்சுப் பக்கத்து ஆட்கள் அப்படித்தானாக்கும்.

அவன் இரண்டு எஞ்சினையும் குந்தியிருந்து பார்த்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வாயைத் திறந்தால் "சின்னன் காணும்" என்றுதான் வரும். அவள் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதை எங்கை ஓடப்போறியள்?"

இதை ஒருவரும் இதுவரை கேட்கவில்லை.

"கொத்தார்ட் மலையிலை. ஏறி, அங்காலை இறங்கவேணும்."

"அப்ப முழுக்க வளைவு. ஊரிலை பதுளை மலை ரோட்டிலை அப்பாவின்ரை லொறி ஓடினனான். மூக்குப் பாரமெண்டால் நீங்கள் வளைக்க அது நேரை போகும். நேர் ரோட்டெண்டால் பெரிசு பாட்டுப் பாடும். உங்கடை கார், உங்கடை ரோட்டு. நீங்களே சொல்லுங்கோ."

அது அவளுக்கு முதல் நாளே தெரியும். பௌதிகம் படித்தவளுக்குத் தெரியாதா? ஆனால் சின்னன் என்று சொன்னவர்கள் ரோட்டைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளைப் பார்த்துச் சொன்னார்கள். அந்தக் கோபத்தில் மலையையே மறந்திருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொக்கியைக் கழற்றி ஸ்மோல் புளொக்கில் மாட்டினாள்.

"கோட்டைக் கழட்டிப்போட்டு இந்தச் சங்கிலியைப் பிடியுங்கோ. விட்டியளெண்டால் ரெண்டு பேற்றை காலும் போச்சு."

எஞ்சின் எழும்பி, ஆடி, சிவப்புக் காரின் வெறும் வயிற்றுக்கு மேலே வந்து நின்றது. அவனுடைய வெள்ளைச் சேர்ட் முழுக்கக் கிறீஸ். அவனும் சிரித்துக்கொண்டுதான் நின்றான்.

வெளியே ஹோர்ன் அடித்தது. ஃப்ரிபூர்க் நம்பர் தகட்டோடு ஒரு வான். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கி, எந்த எஞ்சின் தனக்கு என்று பிரெஞ்சில் கேட்டார்.

சந்திரமதி பிக் புளொக்கைக் கையால் காட்டினாள். பிறகு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தாள். பிறகு கேக் பெட்டியை.

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான்" என்றான் அவன். "நீங்கள் எங்கை விட்டனீங்கள்?"

மேலே யன்னல் திறந்தது. சித்தி அக்கம்பக்கத்துக்குப் பயந்து, அடங்கிய குரலில் கூப்பிட்டார்.

"பிள்ளை, சேலை கட்டீட்டியோ? பொம்பிளை பாக்க வாற பொடியன் ரெயினாலை இறங்கிக் கனநேரமாம், இன்னும் காணேல்லை. நீ வந்து தேத்தண்ணித் தட்டை எடு!"

சந்திரமதி தலையை வெளியே நீட்டினாள். தெருவே அதிரக் கத்தினாள்.

"அவர் இஞ்சை எனக்கு வேலை செய்யிறார், சித்தி! தேத்தண்ணியை நீங்கள் கீழை கொண்டாங்கோ!"