சிவப்புப் பாயின் கயிறு

சிவப்புப் பாய் விரித்த சீனப் படகு துறைமுகத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கோவில்பட்டியிலிருக்கும் மாமனாரை வீடியோவில் அழைத்து, போனை மனைவி செண்பகவல்லியின் கையில் திணித்தான் சிதம்பரநாதன்.

“பாத்தீங்களா மாமா, உங்க பொண்ணை ராணி மாதிரி வச்சிருக்கேன். காத்துலயே போற படகு!”

“மாப்பிள்ளைன்னா இப்படில்ல இருக்கணும்!” என்று அப்பா பூரித்துப்போனார்.

அவளுடைய பாஸ்போர்ட்டை அவன் வாங்கிப் பூட்டி வைத்து மாதங்கள் ஆகிவிட்டன. ஊருக்குப் போகணும் என்றதற்கு நேற்று விழுந்த அறையின் தடத்தைக் கன்னத்துப் பவுடர் மறைத்திருந்தது.

“சிரிச்சுத் தொலையேன்டி,” என்று காதருகே பல்லைக் கடித்தான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கம்பத்தில் பாயை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றை வெடுக்கென்று அவிழ்த்துவிட்டாள். மூங்கில் குச்சிகள் சடசடவென்று மடிய, பாய் மொத்தமும் சரிந்து அவனை மூடியது. படகோட்டிகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். படகு மட்டும் வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருந்தது.

“என்னம்மா இது? பாய் விழுந்த பெறகும் போகுது?” என்றார் அப்பா போனில்.

“பாய் சும்மா படம் பிடிக்கத்தாம்ப்பா. கீழ இன்ஜின் ஓடுது.” கயிற்றின் ஈரம் ஒட்டிய கையால் கன்னத்துப் பவுடரை அழுத்தித் துடைத்து, முகத்தைக் கேமராவுக்கு அருகே கொண்டுபோனாள். “இதையும் பாருங்க.”

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தடத்தை உற்றுப் பார்த்தார்.

“அவனைக் காட்டு,” என்றார்.

அவள் போனைத் திருப்பினாள். பாய்க்கடியிலிருந்து சிதம்பரநாதனின் தலை வெளியே வந்தது, மாமனாருக்கான சிரிப்போடு.