நாலாயிரத்து ஓராவது ஆட்டம்

பலாமரத்து நிழலில் சக்கர நாற்காலி. புளியமரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்து, கைகால் விளங்காமல் போன வேடியப்பன், ஆபரேஷன் செய்த வலது கையின் கட்டைவிரலால் விரல் வலுவை அளக்கும் டாக்டரின் மீட்டரை அழுத்துகிறான். மலையையே பிடுங்கி அடிவாரத்து ஆலங்காயத்தில் நடப்போகிறவன்போல முகம் சிவக்கிறது. மீட்டர் முள்ளோ ஒரு கொட்டாவி விட்டுப் படுத்துக்கொள்கிறது. "இதுல பலன் தெரிஞ்சாத்தான் இடது கைக்கும் ஆபரேஷன்" என்று முன்பே சொல்லிவிட்ட டாக்டர், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பேனாவைத் திறக்கிறார். "கொஞ்சம் இருங்க சார்" என்கிறான் வேடியப்பன். அவன் மடிப்பலகையில் ஆடுபுலி ஆட்டம் பாதியில் நிற்கிறது. கூழாங்கல் புலி, புளியங்கொட்டை ஆடு. நாலு வருஷமாக இவனுடைய ஆடுகளையும், எதிரே உட்கார்ந்து புலி ஆடும் மச்சான் கோவிந்தன்தான் நகர்த்துகிறான். சொன்ன இடத்தில் ஒன்றைக்கூட வைத்ததில்லை, நாலாயிரம் ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்றதுமில்லை. வேடியப்பனின் மணிக்கட்டு மெல்ல நிமிர, கட்டைவிரல் மடங்கி ஒரு புளியங்கொட்டையைக் கவ்வுகிறது. அது நடுங்கி நடுங்கிப் போய்ப் புலியின் கடைசி வழியை அடைத்து உட்காருகிறது. "இப்ப இன்னா பண்ணுவே மச்சான்?" டாக்டர் குனிந்து பார்க்கிறார். புலிக்கு அசைய இடமில்லை. சிரித்துக்கொண்டே எழுதத் தொடங்குகிறார். கோவிந்தன் பதறிப்போய்ப் பேனாவுக்குக் குறுக்கே வருகிறான். "இடது கை வேணாங்க சார். மாமாவுக்கு இதுவே ஜாஸ்தி."