பிள்ளையார் காசு

பழைய மலேசிய ஒரு சென் காசு மூவாயிரம் வெள்ளிக்குப் போகிறதென்று, தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் விலைப்பட்டியல் படத்தோடு செய்தி வந்ததிலிருந்து கமலநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. அதே வருஷத்துக் காசு, கிள்ளானில் அவன் பக்கத்து வீட்டுப் புனிதாவின் சாமி மேடையில், பிள்ளையாரின் காலடியில் பளபளத்துக்கொண்டிருந்தது.

பூசைச் சுண்டல் வாங்கும் சாக்கில் உள்ளே நுழைந்தான்.

“அக்கா, பிள்ளையார் கனவுல வந்தாரு. அந்தக் காச என் வீட்டுல வெக்கச் சொன்னாரு.”

“எங்கப்பா வெச்ச காசு தம்பி...” புனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இருநூறு வெள்ளி காணிக்கை தரேன்க்கா.”

“பிள்ளையார் கோவிச்சுக்குவாரு லா.”

“ஐந்நூறு!”

பிள்ளையார் கோபித்துக்கொள்ளவில்லை.

அடுத்த ரயிலிலேயே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போய் இறங்கினான். நாணயக் கடைக்காரர் மூசா காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“காசு அசல்தான் அண்ணே. ஆனா வெள்ளிக்கெழம தவறாம புளி போட்டுத் தேச்சிருக்காங்க. பழைய நெறம் போயிட்டா சேகரிக்கிறவங்க தொடவே மாட்டாங்க. போன வாரம் இதையே கொண்டுவந்த அக்காகிட்டயும் சொன்னேனே!”

“எந்த அக்கா?”

“பேரு தெரியல. செவுத்துல மாட்டியிருக்கிற இந்த வெலப்பட்டியல மட்டும் போன்ல படம் புடிச்சுக்கிட்டுப் போனாங்க.”

கமலநாதன் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, அந்தச் செய்தியை அனுப்பியது யாரென்று அப்போதுதான் பார்த்தான்.

புனிதா அக்கா. படத்துக்குக் கீழே ஒரு வரியும் எழுதியிருந்தாள்: ‘பிள்ளையார் துணை.’