பச்சைத் தகரம்

"ஊர் மானத்தை வாங்குறான் இந்த வெர்லின்," என்றாள் நேடீன்.

நானும் தலையை ஆட்டினேன். ஆட்டாமல்? என் சலூன் கூரை ஒழுகுகிறதே.

அயோவாவில் எங்களுடையது சின்ன ஊர். கவுண்டி கோர்ட்டைச் சுற்றி நாலு பக்கமும் பழைய செங்கல் கட்டடங்கள். எல்லார் முகப்பும் ஆதியில் இருந்தபடி இருந்தால்தான் கூரை மாற்ற அரசாங்கம் பணம் கொடுக்கும். நாங்கள் சரிசெய்துவிட்டோம். வெர்லினின் இரும்புச் சாமான் கடை மட்டும், அவன் அப்பா காலத்துப் பச்சைத் தகரத்தைப் போர்த்திக்கொண்டு நின்றது.

நேடீன் பாரம்பரியக் குழுத் தலைவி. வெர்லின் கடைக்கு எதிர்வாடையில் அவள் கட்டடம். வாசலில் பித்தளைப் பலகை: 'இவ்வூரின் முதல் செங்கல் கட்டடம், 1884.' கட்டியவர் அவள் கொள்ளுத்தாத்தா. சனிக்கிழமை தவறாமல் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவாள். அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும்.

குழுக் கூட்டத்தில் அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் வெர்லின், தகரத்துக்குள்ள புதையலா வச்சிருக்கே?"

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே நேடீன். யாரைக் கடிக்குது?"

"உன் ஒருத்தன் பிடிவாதத்துக்கு ஊரே நனையணுமா?"

வெர்லின் என்னைப் பார்த்தான். ஒழுகலுக்கு நான் வைத்திருக்கும் வாளிகள் அவன் கடையில் வாங்கியவைதான்.

"சரி, கழட்டுங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

மறுவாரம் கிரேன் வந்தது. தகரம் இறங்க இறங்க, வளைவு ஜன்னல்கள் வெளியே வந்தன. நேடீன் கைதட்டினாள். நாங்களும் தட்டினோம்.

கடைசித் தகரமும் இறங்கியது. உச்சியில் ஒரு வெள்ளைக் கல். அதில் வெர்லினின் குடும்பப் பெயர். அதன் கீழே, 1882.

கைதட்டல் நின்றுபோனது. நேடீன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

"உனக்கு இது தெரியுமா?"

"அப்பாவோட சேர்ந்து தகரம் அடிச்சவனே நான்தானே."

"ஏன் சொல்லலே?"

"சனிக்கிழமை சனிக்கிழமை நீ அந்தப் பலகையைத் தேய்க்கிறதை எதிர்ல நின்னு பாக்குறவன் நான். எப்படிச் சொல்லச் சொல்றே?"

நேடீன் விறுவிறுவென்று அவன் கடைக்குள் நுழைந்தாள்.

"ஒரு திருப்புளி கொடு. அந்தப் பலகையை நானே கழட்டிடுறேன்."

வெர்லினுக்குப் பின்னால் சுவர் முழுக்கத் திருப்புளிகள் தொங்கின.

"ஸ்டாக் இல்லையே, நேடீன்," என்றான்.