கப்பலில் வரும் பெல்ட்

"எடே பிஜி! யானை மாதிரி பிளிறுது, ஆமை அளவுக்குக்கூட நகர மாட்டேங்குதே!"

குடியிருப்புச் சங்கச் செயலாளர் குற்றாலலிங்கம் போட்ட சத்தம் திருவனந்தபுரத்துப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரை கேட்டிருக்கும். ஓணத்துக்குள் மைதானத்துப் புல்லை வெட்டிவிடுவதாகத் தலைவர் சேஷனிடம் மார்தட்டிவிட்டு வந்தவர். புல்வெட்டு வண்டியோ மூன்று நாளாக நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

வண்டிமேல் இருந்த பிஜி, லீவரை முன்னே தள்ளினான், பின்னே இழுத்தான்.

"கியர் விழுது சாரே. வண்டிக்குத்தான் போக மனசில்லா."

"மனசில்லாதது வண்டிக்கா, உனக்கா? இறங்குடே!"

குற்றாலலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டியோடு வந்த புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்தவராயிற்றே!

பிரேக்கைப் பார்த்தார். பிடிக்காமல் விட்டிருந்தது. தரையில் படுத்து பெல்ட்டைப் பார்த்தார். சிக்கென்று இருந்தது. எழுந்து பின்பக்கம் போனவர், "ஆஹா!" என்றார்.

வண்டியைக் கையால் தள்ளிப் போவதற்காக இழுத்துவிடும் கம்பி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அது வெளியே இருந்தால், என்ஜின் தொண்டை கிழியக் கத்தினாலும் சக்கரத்துக்குக் காது கேட்காது.

கம்பியை உள்ளே தள்ளினார். "இதை யாருடே இழுத்துவிட்டது?"

பிஜி தலையைச் சொறிந்தான். "ஞான்தான் சாரே."

"மூணு நாளா என்னைக் கோமாளியாக்கிட்டியேடே! நாளையிலிருந்து வராதே. வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

"அவன் போனா நானும் போறேன்!"

முழங்கால் உயரப் புல்லுக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. அவர் மனைவி சொர்ணம்மாள்! கையில் கூம்பாக மடித்த இலை நிறையத் தும்பைப்பூ. அவளுக்குப் பின்னால் குடியிருப்புப் பெண்கள் அத்தனை பேரின் தலைகளும் காளான் மாதிரி ஒவ்வொன்றாக முளைத்தன.

"ஓணத்துப் பூக்களக் கோலப் போட்டிக்குக் கடைப்பூ கூடாது, கையால பறிச்ச நாட்டுப்பூதான் வைக்கணும்னு விதி போட்டது யாரு?"

"நான்தான்."

"இந்த மைதானத்தை விட்டா நமக்குத் தும்பைப்பூவும் முக்குத்திப்பூவும் ஏது? அதையே மொட்டையடிக்கச் சொன்னது யாரு?"

"அதும்... நான்தான்."

"நேரே சொன்னா நாலு பேர் உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்கன்னுதான், அந்தப் பய கம்பியை இழுத்துவிட்டுட்டு உங்ககிட்ட ஏச்சு வாங்கிட்டிருக்கான்!"

பிஜி வேறெங்கோ பார்த்தான். செயலாளரின் செல்போன் அலறியது. தலைவர் சேஷன்.

"என்ன ஓய், வண்டி கிளம்பித்தா?"

குற்றாலலிங்கம் புல்லில் நின்ற தலைகளைப் பார்த்தார். பிஜியைப் பார்த்தார். உள்ளே தள்ளிய கம்பியைச் சத்தமில்லாமல் மறுபடி வெளியே இழுத்துவிட்டார்.

"எங்கே சார்! பெல்ட் அறுந்துபோச்சு. பிஜி பாவம், தலைகீழா நின்னு பாக்கான். புதுசு ஜப்பான்லேருந்து கப்பல்ல வரணுமாம். திருவோணம் கழிஞ்சுதான் கரை சேரும்!"