யங் லேடி

“கேர்ள் எண்டு சொல்லப்படாது. யங் லேடி எண்டு சொல்லணும். எங்க, சொல்லுங்க பாப்பம்!”

ஏஜென்ட் அதாவுல்லா சொல்லிக்கொடுக்க, சுல்பிகா தடுமாறினாள். பக்கத்தில் நின்ற நதீரா கணீரென்று சொன்னாள்.

இருவருக்கும் வயது பதினைந்து. சவூதியில் வீட்டுவேலைக்குப் போகிற கடதாசியில் இருபத்திமூன்று.

“என்ட மகள் இங்கிலீஷ் பொலபொலெண்டு கதைப்பாள்” என்று பெருமையடித்தாள் நதீராவின் உம்மா சபியா.

கதவோரம் நின்ற றபீக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுல்பிகா அவளுடைய மகள். அனுப்ப வேண்டாம் என்று எவ்வளவோ அழுதும் புருஷன் கேட்கவில்லை. சபியாவுக்கு என்ன வந்தது? கல்முனையில் புடவைக்கடை வைத்திருப்பவர் பெண்சாதி!

“உங்களுக்கு என்ன குறை ராத்தா? பச்சப்புள்ளய அனுப்புறீங்களே!”

“கொழும்புவரைக்கும் நானும்தான் கூடப் போறன்” என்றாள் சபியா.

அன்றோடு றபீக்கா அவள் முகத்தில் விழிக்கவில்லை.

அவர்கள் கொழும்புக்குப் போன நாலாம் நாள், பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம். வாசலில் சுல்பிகா வந்து நின்றாள். பின்னால் சபியாவும் நதீராவும்.

றபீக்கா ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். “என்னகா நடந்த?”

“கொழும்பில, வெளிநாட்டு வேலைக் கந்தோரில, தமிழ் தெரியாத ஒரு ஆபீசர் நோனா எங்கட வயசக் கேட்டா உம்மா. ஏஜென்ட் முந்திக்கிட்டு, யங் லேடி, யங் லேடி எண்டார். நதீரா இங்கிலீஷில, நாங்க ரெண்டு பேரும் மைனர் எண்டு சொல்லி, ஸ்கூல் றிப்போட்டையும் எடுத்துக் காட்டினாள்.”

“மைனரா? அது பட்டுச்சட்டை போட்டுக்கிட்டு ஷோக்காத் திரியிற ஆம்புளையள எல்லோ சொல்ற!”

நதீரா சிரித்தாள். “அது நம்மட தமிழ்ல, சாச்சி. இங்கிலீஷில, சட்டப்படி வயசு நிரம்பாத எல்லாரும் மைனர்தான். நோனா கடதாசியில குறுக்கால கோடு கீறிட்டு, ஏஜென்டப் பொலிசில குடுத்துட்டா.”

றபீக்கா சபியாவைப் பார்த்தாள்.

“அப்ப, மகள் உங்களையும் ஏமாத்திப்போட்டாளா ராத்தா?”

சபியா தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

“நான் சொல்லித்தான் செஞ்சாள். உன்ட மகளுக்கு இங்கிலீஷ் தெரியாதே றபீக்கா. அதுக்காகத்தான் என்ட மகளையும் கூட்டிப்போன நான்.”